அந்த ஞாயிறு அத்தானின் முறை அல்ல

எங்கள் கரையில் வாரம் முடிவது வெள்ளிக்கிழமை. கல்முனையிலிருந்து தெற்கே பிரதான வீதி நெடுகிலும் கடைகளும் தறிகளும் கட்டட வேலைகளும் பெரும்பாலும் முஸ்லிம்களின் கையில் இருப்பதால், ஜும்ஆ நேரத்தில் வீதியே ஓய்ந்துவிடும். காரைதீவுப் பக்கம் இந்துக்களுக்கும் கோயிலுக்குப் போகிற நாள் வெள்ளிதான். ஞாயிறு என்பது சந்தை கூடுகிற, வலை இழுக்கிற, கூலிக்கு ஆள் கூப்பிடுகிற இன்னொரு நாள். அன்று காலையில் தோய்த்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு எதிர்த்திசையில் நடந்தவர்கள் எங்கள் குடியிருப்பின் சில மீன்பிடிக் குடும்பங்கள் மட்டுமே. ஞாயிறு எங்களுக்குச் சும்மா கிடைக்கவில்லை. ஒவ்வொரு வாரமும் யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்க வெட்கப்பட்டவர்கள் வேலைக்குப் போனார்கள்.

ஜெபவீடு கடலுக்குக் கிட்ட இருந்தது. அரைச்சுவர், தகரக் கூரை, சீமெந்துத் தரை, ஒரு மேசை. மாதத்தில் ஒரு ஞாயிறு நகரத்திலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் சைக்கிளில் வந்து ஆராதனை நடத்துவார். கோயில்குட்டி என்று சம்பளத்துக்கு ஒரு ஆள் வைக்க எங்களுக்கு வசதி இல்லை. ஆகையால் முறை வைத்திருந்தோம். முறைக்காரக் குடும்பம் விடிந்தவுடன் போய்க் கதவைத் திறந்து, கிழமை முழுக்கக் காற்று கொண்டுவந்து போட்ட மணலைக் கூட்டி, பாய் விரித்து, குடத்தில் தண்ணீர் நிரப்பி, வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டில் முதல் மணி அடிக்க வேண்டும். ஆராதனைக்கு வராமல் இருக்க ஆயிரம் சாட்டுச் சொல்லலாம்: மழை, காய்ச்சல், விருந்தாளி, கிழிந்த வலை. யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். முறைக்கு மட்டும் சாட்டுச் சொல்ல முடியாது. ஏலாவிட்டால் தன்னிடத்தில் இன்னொருவரை அனுப்பவேண்டும். எங்கள் சபையில் கண்டிப்பாக இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஓர் இடத்தில் கால் தரிக்காது. பொத்துவிலிலிருந்து மீன் லொறியில் போனேன், கோமாரியில் தேங்காய் உரித்தேன், அம்பாறையில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். அம்மா செத்தபிறகு என்னை வளர்த்தவள் அக்கா. ஊரில் நிற்கிற ஞாயிறுகளில் அவள் என்னை எழுப்பி, முகம் கழுவ வைத்து, கூட்டிக்கொண்டு போவாள். ஊரில் இல்லாத ஞாயிறுகளில் நான் எங்கேயும் போவதில்லை. அவளும் கேட்பதில்லை.

கடல் ஊருக்குள் வந்தது கிறிஸ்மஸ் முடிந்த அடுத்த நாள். அது ஞாயிற்றுக்கிழமை. நான் அம்பாறை ஆலையில் நின்றேன். நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

அன்றைய முறை அக்காவின் புருசன், எங்கள் அத்தானுடையது அல்ல. அத்தானின் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார். சொந்தமாகத் தோணி வைத்திருந்தவர். எல்லோரும் தோணிக்காரர் என்றே சொல்வோம். முறை அவருடையது. கிறிஸ்மஸ் இரவு நன்றாகக் குடித்திருந்தார். விடியக்காலை அக்காவின் வேலிக்கு வந்து நின்று, “மச்சாள், தலை வெடிக்குது. தம்பிய ஒருக்காப் போய்க் கூட்டி விடச் சொல்லுங்க. மறுகா உங்கட முறைய நான் செய்றன்” என்றார். அத்தான் உள்ளே இருந்தபடி, “ஓம் ஓம், படுத்து ஒழும்புங்க. பிரசங்கத்துக்காவது வந்திருங்க” என்று சிரித்தார். அக்காவின் மகளுக்குப் பாய் விரிக்கிற வேலை பிடிக்கும். அவளும் தகப்பனோடு போனாள். அக்கா பிட்டு அவித்துவிட்டு, பாட்டுத் தொடங்குகிற நேரத்துக்குப் போகலாம் என்று நின்றுவிட்டாள்.

முதல் மணி கேட்டது என்று அவள் சொன்னாள். பிறகு வேறு சத்தம்.

அத்தானைத் தாழங்காட்டுக்குள் கண்டெடுத்தார்கள். மகள் கிடைக்கவில்லை. நான் மறுநாள் ஒரு உழவு மெசினில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அக்கா பள்ளிக்கூடமொன்றில், மற்றவர்களோடு, யாரோ கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும், “நீ சாப்பிட்டயா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு பல நாட்களாக அவள் வேறு எதுவும் கேட்டதாக ஞாபகமில்லை.

ஜெபவீட்டில் தரை மட்டும் மிஞ்சியது. கடலோரத்தில் திரும்பக் கட்டக்கூடாது என்று சொன்னார்கள். எங்களை வயல் பக்கமாக உள்ளே கொண்டுபோய் முதலில் தறப்பாள் கொட்டில்களிலும் பிறகு வீட்டுத்திட்டத்திலும் இருத்தினார்கள். உபதேசியார் ஒரு கொட்டிலை ஆராதனைக்கு வாங்கிக் கொடுத்தார். முதல் ஞாயிறுகளில் சனம் நிறைந்திருந்தது. எல்லோரும் அழுதார்கள். அழுது முடிந்ததும் சனம் குறைந்தது.

அந்த நாட்களில்தான் ஒரு பகிடி கிளம்பியது. தண்ணீர் எடுக்கிற வரிசையில், நிவாரணச் சாமான் கொடுக்கிற இடத்தில், சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள்.

“டேய், கர்த்தர் ஆரயடா காப்பாத்தினவர்? கூட்டப் போனவனயா, குடிச்சிட்டுப் படுத்தவனயா?”

“சாராயத்துக்குத் தோத்திரம் எண்டு சொல்லு.”

தோணிக்காரரே அதை ஒருமுறை சொல்லக் கேட்டேன். அப்போது அக்கா வாளியோடு வரிசையின் கடைசியில் நின்றாள். அவர் அவளைக் கண்டு வாயை மூடினார். அதன் பிறகு அவர் அந்தப் பகிடியைச் சொல்லவில்லை. ஆராதனைக்கும் வரவில்லை.

போகாதவர்கள் பிழைத்தார்கள் என்பது எங்கள் சனம் கண்ணால் கண்டது. அதைவிடப் பெரிய சாட்டு ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

ஒருநாள் கொட்டில் வாசலில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டு அக்கா சொன்னாள்: “ஞாயிறு சபை கூடாம நிண்டிட்டா, அவரும் பிள்ளையும் சும்மா போய்ச் செத்த மாதிரி ஆயிரும். ஆரும் வராத இடத்தக் கூட்டப் போனவங்க எண்டு ஆயிரும். விளங்குதா உனக்கு?”

விளங்கியது என்று சொன்னேன். அவளுக்கு அதற்குமேல் வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. உயிரோடு மிஞ்சியவர்கள் ஞாயிறு காலை ஒரு இடத்தில் கூடவேண்டும். யாருடைய முறை என்று கேட்காமல் எல்லா முறைகளையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அப்போது கரையெல்லாம் வீடு கட்டுகிற காலம். நான் சாய்ந்தமருதில் ஒரு மேசன் பாஸிடம் கையாளாகச் சேர்ந்தேன். எங்கள் ஆண்களில் பலரும் அப்படித்தான். கடலைப் பார்க்கப் பயம், வலையும் இல்லை. வேலை சனியிலிருந்து வியாழன் வரை, வெள்ளி லீவு. இதனால் ஞாயிறு ஆராதனைக்கு உபதேசியாரும் அக்காவும் சில பெண்களும் மட்டுமே மிஞ்சினார்கள். அப்போதுதான் ஒரு கூட்டம் கூடி, ஆராதனையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிடலாம் என்று பேசினார்கள். தோணிக்காரர் வாசலுக்கு வெளியே நின்றபடி பேசினார்.

“ஐயா, எங்களுக்கு லீவு வெள்ளி. கடவுளுக்கு எந்த நாளும் ஒண்டுதானே? வெள்ளி வைங்க, நாங்க எல்லாரும் வாறம்.”

“பெரிய வெள்ளி வருசத்துக்கு ஒருதரம்தானே வருது. இனிக் கிழமைக்கு ஒருதரம் வரட்டும்” என்றான் பக்கத்தில் நின்றவன். சிரித்தார்கள்.

உபதேசியார் வயதான, கடுமையில்லாத மனிதர். ஆட்களைக் கண்டால் போதும் அவருக்கு. “சனம் வருமெண்டால் நான் வாறன்” என்றார்.

அக்கா ஒன்றே ஒன்று சொன்னாள். “லீவுநாள்ல மிஞ்சின நேரத்தக் குடுத்தா, மறுகா மிஞ்சினதுக்கும் வேற வேல வந்திரும்.”

அவள் சொன்னதை யாரும் எதிர்க்கவில்லை. கேட்கவும் இல்லை. நானும் வெள்ளிக்குத்தான் கை தூக்கினேன். எனக்கும் அது சரியாகவே பட்டது.

முதல் வெள்ளி கொட்டில் நிறைந்தது. உபதேசியார் சந்தோசத்தில் நீளமாக ஜெபம்பண்ணினார். அடுத்த வெள்ளி ஒருவன் தலைமயிர் வெட்டப் போனான். வேறு நாளில் அவனுக்கு நேரமில்லை. இன்னொருவன் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். உடுப்புத் தோய்க்கிற நாள் வெள்ளி, விறகு வெட்டுகிற நாள் வெள்ளி, உறவுக்காரரைப் பார்க்கப் போகிற நாளும் வெள்ளிதான். சாமான் கொடுக்கிறவர்களின் வாகனமும் ஆட்கள் வீட்டில் நிற்கிற நாள் என்று வெள்ளிதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமையை யாரோ ஒரு முதலாளியிடம் கேட்டு வாங்கவேண்டியிருந்தபோது அதற்கு ஒரு பெறுமதி இருந்தது. வெள்ளியை யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதனால் அது யார் யாருக்கோ போய்விட்டது. கொஞ்ச மாதங்களில் வெள்ளியும் அக்காவும் உபதேசியாரும்தான். திரும்ப ஞாயிறுக்கு மாற்றியபோது, மாற்றிய சேதி பலருக்குத் தெரியவும் இல்லை. அதற்குள் திட்டத்தின் பொதுமண்டபத்தில் ஞாயிறு காலை டியூசன் தொடங்கிவிட்டது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகளும் கணக்குப் படிக்கப் போனார்கள்.

பிறகு கிழக்கில் சண்டை திரும்பவும் மூண்டது. வீதியில் சோதனை, பொடியன்கள் காணாமற்போவது, பொழுதுபட்டால் கதவடைப்பது. ஆண்கள் வெளியே இறங்காமலிருக்க நல்ல காரணம் இருந்தது. உண்மையான காரணமும் சாட்டும் ஒரே உடுப்பில்தான் வந்தன. எது எதுவென்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உபதேசியாரை அவருடைய பிள்ளைகள் மட்டக்களப்புக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். புதிதாக ஒருவரை அனுப்பச் சொல்லி அக்கா நகரத்துப் போதகரிடம் போய்க் கேட்டாள். அவர் கெட்டவர் அல்ல. “ஆக்களச் சேருங்கம்மா, நான் ஒழுங்கு செய்றன்” என்றார். ஆட்களைச் சேர்க்கத்தான் ஆள் கேட்டுப் போயிருந்தாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள்: “நீ ஞாயிறு வா. ரெண்டு பேராவது இருந்தாத் தனிய இல்ல எண்டு சொல்லலாம்.”

மறுநாள் பாஸிடம் கேட்டேன். அவர் மட்டப்பலகையை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயிறு காலம்பற எனக்கு ஆராதனை இரிக்கு, பாஸ். கொஞ்சம் பிந்தி வரட்டா?”

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவ்வளவு காலமா என்னோட நிக்காய், ஒருநாளும் கேக்கல்லியே. ஒனக்கு மார்க்கமே இல்லண்டெல்லா நான் நெனச்சிருந்த!”

மற்றக் கையாள்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

“போ. பாங்கு சென்னா நான் கரண்டியப் போட்டுட்டுப் போறல்லியா? ஆனா கூரைக்குச் சிலப் போடுற நாளெண்டா வந்திரணும். கொங்கிறீட் ஒன்ட ஆண்டவருக்கும் நிக்காது, என்ட அல்லாஹ்வுக்கும் நிக்காது.”

அவ்வளவுதான். ஒரு வார்த்தைக் கேள்வி. எங்கள் ஆண்களில் ஒருவனும் அதைக் கேட்டிருக்கவில்லை. முஸ்லிம் பாஸ் விடமாட்டார் என்று எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வெள்ளிக்கு மாறினோம். எங்கள் ஆட்களிடம் போய்ச் சொன்னேன். “உன்ட பாஸ் நல்லவர்” என்றார்கள். “எங்கட ஆள் அப்பிடியில்ல.” யாரும் போய்க் கேட்டுப் பார்க்கவில்லை.

கொட்டிலின் தறப்பாள் கிழிந்து போனபிறகு, நானும் அக்காவும் கடலோரத்தில் ஜெபவீட்டின் பழைய தரைக்குப் போகத் தொடங்கினோம். கூரையில்லை, சுவரில்லை. வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். அக்கா கூட்டுவாள், ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், கர்த்தருடைய ஜெபம். நான் வாசிக்கும்போது தடக்குவேன். அவள் திருத்தமாட்டாள். மனது லேசானது என்று எழுத ஆசைதான். எனக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்கும் நடந்ததாகத் தெரியவில்லை. அவள் ஜெபம்பண்ணும்போது ஒன்றும் கேட்கமாட்டாள், நன்றியும் சொல்லமாட்டாள். “வந்திருக்கிறம் ஆண்டவரே” என்று மட்டும் சொல்லி நிறுத்துவாள்.

யுத்தம் முடிந்ததாக அறிவித்தபோது கல்முனை வீதியில் வெடி கொளுத்தினார்கள். கொடி கட்டிய வாகனங்கள் போயின. எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் ரேடியோவைக் குறைத்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். வடக்கில் இருந்த சொந்தங்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த வார ஞாயிறும் போனோம். கடற்கரைக் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் இறங்கி வந்தான். தமிழ் கொஞ்சம் தெரியும்.

“என்ன செய்ற?”

“ஆராதனை” என்றாள் அக்கா. அவனுக்கு விளங்கவில்லை. நான் சிங்களத்தில் தேவாலயத்தைச் சொல்கிற மாதிரி “பள்ளிய, பள்ளிய” என்று கைகூப்பிக் காட்டினேன். அவன் வெறும் தரையைப் பார்த்தான், எங்கள் இருவரையும் பார்த்தான், மற்ற ஆட்களைத் தேடுவது போலப் பின்னாலும் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

சோதனைகள் குறைந்தன. தொழிலுக்குக் கடலைத் திறந்துவிட்டார்கள். பயம் என்கிற சாட்டு போனதும் சனம் வரும் என்று அக்கா நம்பினாள். போருக்குப் பயந்து வராதவர்கள் இப்போது வேலை கூடிப்போனதால் வரவில்லை. தோணிக்காரர் புதிதாக மெசின் வைத்த தோணி ஒன்று இறக்கினார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அக்கா அவருடைய வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவர் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பி, கதிரை கொண்டுவரச் சொல்லி உள்ளே சத்தம் போட்டார். அக்கா உட்காரவில்லை.

“மச்சான், நாளைக்கு ஒருக்கா வாங்க.”

“தோணி போகுது மச்சாள். வாற ஞாயிறு பாப்பம்.”

“அண்டைக்கு உங்கட முறை. அவர் போனவர். மறுகா எங்கட முறைய நீங்க செய்றன் எண்டு சொன்ன நீங்க. அதச் செய்யுங்க. ஒருநாள் போதும். வந்து கூட்டிப்போட்டு இருங்க. பாட்டும் படிக்க வேணாம்.”

அவர் வலையைக் கீழே போட்டார்.

“அந்த இடத்தில வந்து நிண்டு உங்கட மூஞ்சியப் பாக்க எனக்கு ஏலா, மச்சாள். தோணி, வலை எண்டு நான் சொல்றதெல்லாம் சும்மா.”

“என்ட மூஞ்சியப் பாக்க வேணாம். அங்கால கடலப் பாத்துக்கொண்டு இருங்க. நானும் உங்களப் பாக்கல்ல. நான் பழி கேக்க வரல்ல மச்சான். நீங்க வந்தா மத்த ஆக்களும் வருவாங்க. எல்லாரும் உங்களச் சொல்லித்தானே நிக்கிறாங்க.”

அவர் அழுதார். பெரிய உடம்புக்காரர்; அழுகை அவருக்குப் பழக்கமில்லை, இருமுவது போல இருந்தது. “வாறன்” என்றார். “நாளைக்கு வாறன் மச்சாள்.”

அக்கா திரும்பி வருகிற வழியில் வேகமாக நடந்தாள். இரவு என்னுடைய சட்டையையும் சேர்த்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்தி வைத்தாள்.

ஞாயிறு விடிந்ததும் போனோம். அக்கா கூட்டவில்லை. அவர் வந்து கூட்டட்டும் என்று மணலிலேயே பாயைப் போட்டு இருந்தாள். வெயில் ஏறியது. தோணிகள் கரைக்கு வரத் தொடங்கின. அவருடைய தோணியும் வந்தது; ஆட்கள் இறங்கி மீன் பெட்டிகளைத் தூக்கினார்கள். அவரும் இறங்கினார். எங்களிடமிருந்து கூப்பிடு தூரம். ஒருமுறை இந்தப் பக்கம் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு பெட்டிக்குக் குனிந்தார்.

அன்று பாட்டுப் படிக்கவில்லை. அதிகாரம் வாசிக்கவில்லை. அக்கா எழும்பிப் பாயை உதறினாள்.

அடுத்த ஞாயிறு நான் எழும்பியபோது அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றாள். கால் நோகுதா? இல்லை.

“அப்ப வா அக்கா.”

“நான் வரல்ல.”

அவள் ஒரு சாட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த கிழமைக்காவது காத்திருக்கலாம். அவளுடைய நம்பிக்கை எவ்வளவு காலம் எதில் தொங்கியிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கடல் அறுக்காததை ஒரு மனிதன் மீன் பெட்டிக்குக் குனிந்து அறுத்துவிட்டான். அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. அன்று காலை அவர் எங்கள் பக்கம் ஒருமுறையாவது பார்த்தார்.

நான் வெளிக்கிட்டேன். ஏன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. எனக்கு அக்காவின் விசுவாசமும் இல்லை, உபதேசியாரின் படிப்பும் இல்லை. வாழ்க்கையில் எந்த இடத்திலும் தரித்து நின்றவன் அல்ல நான். ஆனால் போகாமல் இருப்பதற்கு எங்கள் சனம் சொன்ன எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தேன். அவற்றில் ஒன்றுகூட ஒருவரையும் ஆற்றவில்லை. போனாலும் ஆறவில்லை, போகாவிட்டாலும் ஆறவில்லை என்றால், போவது என்று முடிவெடுத்தேன். அவ்வளவுதான் என்னுடைய பக்தி.

ஒருவனுக்காகப் போதகர் வரமாட்டார். அது எனக்குத் தெரியும். ஒரு ஆளைச் சபை என்றும் சொல்லமாட்டார்கள். நான் அதிகாரத்தைத் தடக்கித் தடக்கி வாசித்தேன். பாட்டில் முதல் சரணம் மட்டும் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். என்னைப் பார்க்காமலேயே கேட்டாள்:

“ஆரும் வந்தாங்களா?”

“இல்ல.”

தேயிலையை ஊற்றி என் பக்கம் தள்ளி வைத்தாள். இன்றைக்கும் ஞாயிறு நான் போய் வந்தால் அதையே கேட்கிறாள். நானும் அதையே சொல்கிறேன்.